லியோன் போகிறவர்களுக்கு: நான் இழந்த பணமும் தெரிந்துகொண்ட ஊரும்

ஆகஸ்ட் 17, சாயங்காலம் ஏழு மணி. பிரான்சில் லியோன் நகரத்தின் பழைய பகுதியில், ஆள் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும் ஒரு மரக்கதவின் முன்னால் இரண்டு பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் எண் பொத்தான்கள் வைத்த சின்ன உலோகத் தட்டு ஒன்று இருந்தது. அங்கே அதை டிஜிகோட் என்பார்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்த நாலு எண்ணையும் ஓர் எழுத்தையும் அழுத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி சிவப்பு. வீட்டுக்காரர் என்று மூன்று வாரமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தவருக்குப் போன் போட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயதான அம்மா நாயோடு வெளியே வந்தார். போனில் இருந்த பெயரையும் அறையின் படங்களையும் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தார். அப்புறம் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் வரிசையாக இருந்த தபால் பெட்டிகளைக் காட்டினார். பதினொரு பெட்டி, பதினொரு பெயர், நான் தேடிய பெயர் எதிலும் இல்லை. படத்தில் இருக்கிற ஜன்னல் இந்தக் கட்டடத்து ஜன்னலே இல்லை என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. 1,560 யூரோ போய்விட்டது என்பது அந்தத் தபால் பெட்டிகளுக்கு முன்னால்தான் எனக்குப் புரிந்தது.

நான் காஞ்சிபுரத்துக்காரி. அப்பா பட்டு நெசவு. நான் படித்தது துணி வடிவமைப்பு. லியோனில் ஒரு துணி வடிவமைப்புக் கூடத்தில் நாலு மாதப் பயிற்சி கிடைத்தபோது வீட்டில் எல்லாருக்கும் பெருமை, அப்பாவுக்குக் கூடுதல் பெருமை, ஏனென்றால் துணியில் பூவும் உருவமும் நெய்ய எங்கள் தறிமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி பிறந்த ஊர் அது. அதை உருவாக்கிய ஜோசப் மரி ஜக்கார்டு 1752இல் லியோனில்தான் பிறந்தார். பயிற்சி செப்டம்பர் முதல் வாரம் தொடங்க வேண்டியது. ஊரைப் பார்த்துவிடலாம் என்று இரண்டு வாரம் முன்னாடியே டிக்கெட் போட்டேன். அந்த ஊரை நான் பார்க்கத்தான் செய்தேன், ஆனால் நினைத்த மாதிரி அல்ல. யாராவது ஒருத்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதித் துன்பம் வந்திருக்காது என்று அந்த நாட்களில் தினமும் நினைத்தேன். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த மோசடி எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழைய நகரத்தில், கதீட்ரலுக்கு இரண்டு தெரு தள்ளி, சாமான்களோடு ஒரு சின்ன ஸ்டுடியோ, மாதம் 520 யூரோ என்று விளம்பரம். படத்தில் கல் சுவர், மரக் கூரை, ஜன்னலில் செடி. ஆள் தான் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருப்பதாகவும், வீட்டை நேரில் காட்ட முடியாது என்றும், ஆகஸ்டில் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, மொத்தம் 1,560 யூரோ அனுப்பினால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார். என் பாஸ்போர்ட் நகலையும் கேட்டார், கொடுத்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் எச்சரிக்கை இருந்திருக்கிறது. பிரான்ஸ் வங்கிக் கணக்கு எண் எஃப், ஆர் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அவர் கொடுத்த கணக்கு வேறு நாட்டு எழுத்தில் தொடங்கியது. கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்துதான் நாட்டைக் காட்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னால் வீட்டைப் பிடித்து வைப்பதற்கென்று பணம் கேட்பதே அங்கே சட்டப்படி தவறு என்பதும் தெரியாது. போய் இறங்கும் முன் வீட்டுக்காக யாருக்கும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முதல் பத்து நாளுக்கு விடுதியில் இடம் பிடித்துக்கொண்டு, வீட்டை நேரில் பார்த்த பிறகு மட்டும் பணம் கொடுங்கள். அப்படி முடியாதென்றால் அங்கே இருக்கும் யாரையாவது அனுப்பிக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். நான் பிற்பாடு போட்டுப் பார்த்தேன், அதே அறை இரண்டு வேறு ஊர்களின் பெயரில் கிடந்தது.

அன்று ராத்திரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினேன், ஒரு ராத்திரிக்கு 78 யூரோ. ஒன்பது ராத்திரி இருக்கவேண்டி வந்தது, 702 யூரோ. வீட்டுக்குச் சொல்ல மூன்று நாள் ஆனது. அப்பா சொசைட்டியில் வாங்கிய கடனில் வந்த பணம் அது, எந்த வாயால் சொல்வது? அழுகையை விட அவமானம்தான் பெரிதாக இருந்தது, படித்த பெண் இப்படி ஏமாந்தாள் என்பார்களே என்று. இந்த அவமானத்தால்தான் நான் வங்கிக்கும் தாமதமாகப் போனேன். மூன்றாவது நாள் போன் செய்தபோது, பணம் அந்தப் பக்கம் எடுக்கப்பட்டுவிட்டது, திரும்ப வராது என்றார்கள். தெரிந்த அந்த நிமிஷமே வங்கிக்குப் போன் போடுங்கள், அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அரை நாள் காத்திருந்தேன். உரையாடல்கள், பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோனதால் எழுதிய அதிகாரிக்கு வேலை சுலபமாக இருந்தது. பணம் கிடைக்காது என்று அவரே சொன்னார், ஆனாலும் புகார் எழுதிக் கையில் நகல் வாங்கிக்கொண்டேன். பாஸ்போர்ட் நகல் வெளியே போயிருக்கிறதே, நாளைக்கு அதை வைத்து யாராவது எதையாவது செய்தால் காட்ட அந்தத் தாள் வேண்டும். இனி யாருக்கு நகல் கொடுத்தாலும் அதன்மேல் குறுக்கே 'வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். டோசியே ஃபசில் என்று அரசாங்கமே நடத்தும் ஒரு தளம் இருக்கிறது, வாடகைக்கான ஆவணங்களை அதில் ஏற்றினால் அதுவே நகலின் மேல் நீரெழுத்துப் போட்டுத் தருகிறது.

அந்த ஒன்பது நாளும் ஆகஸ்ட். ஆகஸ்டில் பிரான்ஸ் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சுற்றுலாத் தெருக்களில் கூட்டம் நெரியும், ஆனால் ஊர்க்காரர்கள் புழங்கும் தெருக்களில் கடைக்குக் கடை இரும்புக் கதவு இழுத்துவிட்டிருக்கும், அதில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: வருடாந்திர விடுமுறை, செப்டம்பர் இந்தத் தேதியில் திறப்போம். ரொட்டிக்கடைக்காரர், வீட்டுத் தரகர், தையல்காரர், டாக்டர், எல்லாருக்கும் விடுமுறை. வீடு தேட அதைவிட மோசமான மாதம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மளிகை வாங்க அலைந்து, கடைசியில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்று படுத்தேன். மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான், இரண்டரைக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழுக்கு முன்னால் பெரும்பாலும் கிடையாது. அருங்காட்சியகங்களில் நிறையத் திங்கட்கிழமை மூடியிருக்கும், நான் போன முதல் இரண்டும் அப்படித்தான். இந்த நேரக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன், அதற்கப்புறம்தான் பசியோடு அலைவது நின்றது.

இன்னொன்றும் அந்த வாரத்தில்தான் உறைத்தது. கடைக்குள் நுழைந்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் நேராக 'அது என்ன விலை' என்றுதான் கேட்டேன். முகம் கொடுத்துப் பேசவே மாட்டேன் என்கிறார்களே, நிறத்தைப் பார்த்தா என்று மனசு நொந்துபோனது. விடுதியில் வரவேற்பில் இருந்த பையன்தான் விஷயத்தைச் சொன்னான். முதலில் போன்ழூர், அதாவது வணக்கம், சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அவர்கள் பதிலுக்குச் சொல்லும்வரை ஒரு விநாடி நிற்க வேண்டும், அப்புறம்தான் கேள்வி. பேருந்து ஓட்டுநருக்கும் சொல்ல வேண்டும், மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து அப்படியே செய்தேன். அதே ரொட்டிக்கடைப் பெண் என்னிடம் எந்த ஊர் என்று விசாரித்தார்.

வீடு கிடைத்தது குருவா ரூஸ் மேட்டில். ஒரு கடைக் கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் போனேன். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா, தன் வீட்டுக்கு எதிர்க்கதவில் இருக்கும் சின்ன ஸ்டுடியோவை 610 யூரோவுக்குக் கொடுத்தார். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. இந்தத் தடவை எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தேன். பிரான்சில் 'பாய் மொபிலித்தே' (bail mobilité) என்று ஒரு வகை வாடகை ஒப்பந்தம் 2018இலிருந்து இருக்கிறது, படிக்கவோ பயிற்சிக்கோ வருகிறவர்களுக்கு ஒன்றிலிருந்து பத்து மாதம் வரை. இதில் முன்பணமே வாங்கக் கூடாது. சாதாரணமாகச் சாமான்களோடு விடும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரையிலும், வெறும் வீட்டுக்கு ஒரு மாதமும் வாங்கலாம், அதற்குமேல் கேட்டால் சட்டவிரோதம். ஜாமீன் யார் என்று கேட்பார்கள், நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? விசால் என்ற இலவச ஜாமீனுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. லியோனில் 2021 நவம்பரிலிருந்து வாடகைக்கு உச்சவரம்பும் உண்டு, முகவரியைப் போட்டு எவ்வளவு வரை கேட்கலாம் என்று பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் 'ஆதில்' (ADIL) என்ற அலுவலகத்தில் வீட்டுச் சட்டம் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். சாவி வாங்கும் முன் வீட்டுக் காப்பீட்டுத் தாள் காட்டவேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சாவி வாங்கும் அன்றைக்கு எதா தெ லியூ என்று ஒரு சடங்கு, அறையில் உள்ள ஒவ்வொரு கீறலையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது. மதாம், அதாவது அந்த வீட்டுக்கார அம்மா, பூதக்கண்ணாடி இல்லாத குறையாகப் பார்த்தார், நானும் பார்த்தேன். கழுவும் தொட்டியில் ஒரு சின்ன வெடிப்பு இருந்ததை நான் சொன்னேன், அவரே ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டார். நீண்டகால விசாவில் போகிறவர்கள் வந்து இறங்கி மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வீடு கிடைத்த சந்தோஷத்தில் அந்த வாரமே 60 யூரோ அபராதம் கட்டினேன். ஒரு டிக்கெட் ஒரு மணி நேரம் செல்லும், அதற்குள் மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறலாம், அது சரி. ஆனால் மாறும் ஒவ்வொரு தடவையும் அதே டிக்கெட்டை இயந்திரத்தில் மறுபடி காட்ட வேண்டும். நான் பணம் கட்டியாகிவிட்டதே என்று நேராகப் போய் உட்கார்ந்துவிட்டேன். பரிசோதகர்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் ஏறினார்கள். தெரியாது என்று சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகவே ரசீது போட்டார்கள். 1,560, 702, 60, மொத்தம் 2,322 யூரோ. அன்றைய விலைக்கு இரண்டு லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாய் பக்கம். எங்கள் வீட்டில் அது எத்தனை புடவையின் கூலி என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் பயிற்சி தொடங்கியது. சனி ஞாயிறுகளில் ஊரைப் பார்க்க ஆரம்பித்தேன். லியோன் இரண்டு ஆறுக்கும் இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ரோனும் சோனும் ஓடிவந்து ஊரின் தெற்கு முனையில் கூடுகின்றன. மேற்கே ஃபுர்வியேர் மேடு, அதை 'வழிபடும் மேடு' என்பார்கள், வடக்கே நான் குடியிருந்த குருவா ரூஸ், அது 'உழைக்கும் மேடு'. ரோமானியர்கள் கி.மு. 43இல் ஊரை நிறுவியது ஃபுர்வியேர் மேல்தான், கிளாடியஸ் என்ற பேரரசர் பிறந்த ஊரும் இது. மேலே இருக்கும் ரோமானிய அரங்கத்துக்குக் கட்டணம் கிடையாது, கல் படியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு ஊர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து அருங்காட்சியகத்தில் கிளாடியஸின் உரை பொறித்த வெண்கலத் தகடு இருக்கிறது. அதை 1528இல் ஒரு துணி வியாபாரி தன் தோட்டத்தில் கண்டெடுத்திருக்கிறார். துணிக்காரர் என்றதும் எனக்கு ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஆனால் என்னை அந்த ஊரோடு கட்டிப்போட்டது த்ராபூல்கள்தான். பழைய நகரத்தில் தெருக்கள் ஆற்றுக்கு இணையாக நீளவாக்கில் ஓடுகின்றன, குறுக்குத் தெருக்கள் குறைவு. அதனால் வீடுகளுக்குள்ளேயே, முற்றம் தாண்டி, படிக்கட்டுக்கு அடியில் புகுந்து, அடுத்த தெருவில் வெளியே வரும் நடைவழிகள் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற கதவு மாதிரியே இருக்கும். ஏமாந்த அன்றைக்கு நான் எந்தத் தெருவில் அழுதுகொண்டு பெட்டியை இழுத்தேனோ, அதே தெருக்களில் தள்ளினால் திறக்கிற கதவுகள் இருந்திருக்கின்றன. ரூ சேன் ழான் தெருவில் 54ஆம் எண், அதுதான் இருப்பதிலேயே நீளமானது. காலை நேரத்தில் கதவுக்குப் பக்கத்தில் எண்களுக்குக் கீழே இருக்கும் தனிப் பொத்தானை அழுத்தினால் 'கிளிக்' என்று ஒரு சத்தம், கனமான கதவைத் தோளால் தள்ள வேண்டும். உள்ளே சட்டென்று குளிர்ச்சி, ஈரக் கல் வாசனை. வில் வளைவுக் கூரை, ஒரு முற்றம், அண்ணாந்து பார்த்தால் வெளிர் ரோஜா நிறச் சுவரும் சுற்றிலும் மாடிகளும் ஒரு துண்டு வானமும், அப்புறம் மறுபடி இருட்டு, மறுபடி ஒரு முற்றம். நாலு கட்டடங்களைத் தாண்டி ரூ து பெஃப் தெருவில் 27ஆம் எண் கதவு வழியாக வெளியே வந்துவிடலாம். இதெல்லாம் ஜனங்கள் குடியிருக்கும் வீடுகள். நகராட்சியோடு உடன்பாடு செய்துகொண்டு பகலில் நம்மை விடுகிறார்கள், அவ்வளவுதான். குப்பைத்தொட்டி இருக்கும், சைக்கிள் இருக்கும், யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை வரும். குரலைத் தணித்துக்கொண்டு போங்கள், ஜன்னலுக்குள் படம் எடுக்காதீர்கள், எதிரே வருகிறவருக்குப் போன்ழூர் சொல்லுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு நிறைய வழிகளைப் பூட்டிவிடுவார்கள், காலை எட்டரை, ஒன்பதுதான் நல்ல நேரம், கூட்டமும் இருக்காது.

இவ்வளவு அழகான தெருக்களை இடிக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பகுதி இருண்டு அழுக்கேறி ஏழைகள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த இடம். லூயி ப்ராடெல் என்ற மேயர் காலத்தில் இதன் நடுவே பெரிய சாலை போடத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். 1962இல் வந்த பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1964இல் நாட்டிலேயே முதலாவதாகக் காக்கப்பட்ட பகுதி இதுதான். 1998இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. செப்டம்பர் மூன்றாம் வாரக் கடைசியில் பாரம்பரிய நாட்கள் வரும், வழக்கமாக உள்ளே விடாத கட்டடங்களை எல்லாம் அன்றைக்குத் திறந்துவிடுவார்கள், நகர மண்டபத்தின் கூடங்கள்கூட. உங்கள் பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஆகஸ்டை விட்டுவிட்டு அந்த வாரத்தைப் பிடியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லியோனின் சொந்தச் சாப்பாட்டுக்கடைகளைப் பூஷோன் என்பார்கள், சிவப்புக் கட்டம் போட்ட மேஜை விரிப்பும் பித்தளைச் சாமான்களுமாகப் பார்க்கவே ஆசையாக இருக்கும். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. பொன்னிறமாகப் பொரித்து வந்த ஒன்றைக் கட்லெட் என்று நினைத்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் அது மாட்டின் இரைப்பை என்று தெரிந்தது, அதன் பெயர் தப்லியே தெ சப்பேர். அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. ஆந்துயெத் என்பது குடலில் செய்வது, பன்றிக் குடலாகவும் இருக்கும், கன்றுக்குட்டிக் குடலாகவும் இருக்கும். கெனெல் என்பது மாவும் முட்டையும் கலந்த பஞ்சு மாதிரி ஒன்று, பெரும்பாலும் அதில் மீன் இருக்கும், மேலே ஊற்றும் குழம்பு நண்டு வகையில் இருக்கும். சைவக்காரர்கள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் செர்வெல் தெ கனூ என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சொல்லுக்குச் சொல் 'நெசவாளியின் மூளை' என்று பொருள், உள்ளே இருப்பது தயிர்க்கட்டி மாதிரியான பாலாடைக்கட்டியில் பூண்டும் வெங்காயத்தாளும் எண்ணெயும் கலந்தது, அவ்வளவுதான். கறி வாங்க வழியில்லாத நெசவாளிகள் சாப்பிட்டது என்றும், பணக்காரர்கள் அவர்களை இளப்பமாக நினைத்து வைத்த பெயர் என்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பெயரைச் சொல்லி வாங்கவே கஷ்டமாக இருந்தது. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், 'கராஃப் தோ' என்று கேட்டால் ஒரு குடுவை நிறைய இலவசமாக வைப்பார்கள்.

கனூ என்றால் லியோனின் பட்டு நெசவாளி. நான் குடியிருந்த அறையே ஒரு கனூவின் தறிக்கூடமாக இருந்தது. முதல் நாள் உள்ளே போனபோது, இவ்வளவு சின்ன அறைக்கு எதற்கு நாலு மீட்டர் உயரம் என்று குழம்பினேன். ஜக்கார்டு தறி நிற்க அவ்வளவு உயரம் வேண்டும், அதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மேட்டில் வீடுகளைக் கட்டினார்கள். ஜன்னல்கள் உயரமாக, நிறைய வெளிச்சம் வரும்படி இருக்கும். குடும்பம் மேலே பரண் போட்டுத் தூங்கும், கீழே முழுக்கத் தறி. என் கட்டிலும் அந்தப் பரணில்தான். எங்கள் வீட்டிலும் தறிக்குத்தான் முதல் இடம், மிச்சத்தில்தான் மனிதர்கள். அந்தப் பரணில் படுத்துக் கூரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ ராத்திரி அப்பாவை நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் ரூ திவ்ரி தெருவில் இருக்கும் மெசோன் தெ கனூ என்ற பட்டு நெசவு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். மேலே துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகிறது, அந்த இழை தூக்குகிறது, துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கிறது. அந்தச் சத்தத்தை லியோன்காரர்கள் 'பிஸ்தான்க்ளாக் பான்' என்று சொல்வார்கள். அப்பா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் பாவின், அதாவது நீள இழைகளின், நெருக்கத்தைக் காட்டச் சொன்னார், இழைகளைப் பிரித்து வைக்கும் அச்சுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோகச் சொன்னார், குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். உடலோடு கோர்த்து நெய்யும் வேறு நிறக் கோர்வைக் கரைக்கு நம் ஊரில் இன்னொரு ஆள் உட்கார வேண்டுமே, இவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். கடைசியில், "கூலி என்ன கொடுத்தாங்களாம்மா அந்தக் காலத்துல?" என்றார். நான் அந்தக் கேள்வியை அப்படியே மாற்றிக் கேட்டேன். ஓட்டிக் காட்டியவர் தறியை நிறுத்திவிட்டார். வியாபாரி பட்டு நூல் கொடுப்பார், தறி நெசவாளியுடையது, நெய்த அளவுக்குக் கூலி, விலையை வைப்பது வியாபாரி. 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி ஒன்றை மாவட்ட ஆட்சியாளர் முன்னிலையில் பேசி முடித்தார்கள், வியாபாரிகளில் சிலர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நவம்பர் 21ஆம் தேதி நெசவாளிகள் இதே மேட்டிலிருந்து கறுப்புக் கொடியோடு இறங்கினார்கள். 'உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்' என்பது அவர்கள் முழக்கம். சில நாள் ஊரே அவர்கள் கையில் இருந்தது. பிறகு படை வந்தது, பேசிய கூலி ரத்தானது. 1834இல் மறுபடி எழுந்தார்கள், அதை ரத்தத்தில் முக்கி அடக்கினார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அவரிடம் அந்தப் பணத்தைப் பற்றி முழுக்க உடைத்துப் பேச எனக்குத் தைரியம் வந்தது. அவர் முதலிலிருந்தே ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் பிளாஸ் கோல்பேர் 9ஆம் எண், கூர் தெ வொராஸ். ஆறு மாடி உயரத்துக்குத் திறந்தவெளியில் எழும் ஒரு பெரிய கல் படிக்கட்டு, நெசவாளிகள் கூடிய முற்றம். அங்கே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் எழுப்பவில்லை. அதே மேட்டில் இன்னொரு பக்கம் பெரிய சுவர் ஒன்று முழுக்கக் குருவா ரூஸின் தெருவையும் படிக்கட்டையும் வரைந்திருக்கிறார்கள், 1,200 சதுர மீட்டர், அதையும் பார்த்துவிடுங்கள். மேட்டுக்குப் பல் சக்கரத்தில் ஏறும் மெட்ரோ சி வழித்தடம் போகிறது. கீழே இறங்கும்போது மட்டும் நடந்து இறங்குங்கள், பாதி வழி த்ராபூல்களுக்குள்ளேயே வந்துவிடலாம்.

டிசம்பர் 8 வந்தது. 1852இல் ஃபுர்வியேர் மேல் மாதா சிலையைத் திறந்துவைக்க இருந்த நாள் வெள்ளத்தால் செப்டம்பரிலிருந்து தள்ளிப்போய் டிசம்பர் 8 ஆனது, அன்றைக்கு ஜனங்கள் தாங்களாகவே ஜன்னலில் விளக்கு ஏற்றி வைத்தார்கள். அதிலிருந்து வருடா வருடம் வைக்கிறார்கள். இப்போது அது நாலு நாள் பெரிய ஒளி விழா, கீழே ஊர் நடுவில் காலை வைக்க இடமிருக்காது, விடுதி வாடகையைக் கேட்கவே முடியாது. போகிறவர்கள் பல மாதம் முன்பே இடம் பிடித்துவிடுங்கள். நான் ஒரு ராத்திரி கீழே போய்ப் பார்த்தேன், மூச்சு முட்டியது. மறுநாள் மேலேயே இருந்துவிட்டேன். மதாம் ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார், உள்ளே செய்தித்தாளில் சுற்றிய சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், சிவப்பு, பச்சை, நீலம், சில அவருடைய அம்மா காலத்தவை. ஒவ்வொன்றிலும் குட்டையான ஒரு மெழுகுவர்த்தி. என் ஜன்னலுக்கு எட்டு, அவர் ஜன்னலுக்குப் பத்து. குளிரில் கை விறைக்க விறைக்க வரிசையாக ஏற்றினோம். எதிர் வீட்டிலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதற்கடுத்த வீட்டிலும். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் அகல் வைத்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் திரி சின்னதாகத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நேரம்தான் எரியும் என்று கேட்டாள். மதாமிடம் கேட்டுச் சொன்னேன். காற்று அடிக்காவிட்டால் நாம் படுக்கப் போகும்வரை எரியும் என்றார்.